செவலை நின்ற பாலம்

ஆதித்தன் என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னவன் பிச்சைமணி. கூடலூரில் என் வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, கையிலிருந்த சீனியை என் வாயில் திணித்தான். "அக்கா, அண்ணனுக்கு ஆம்பளப் பிள்ள! ஆதித்தன்னு பேரு. நான்தான் சொன்னேன், அண்ணன் சரின்னுட்டாக." அண்ணன் என்றது சீனிச்சாமியை. இருவரும் என் சின்னம்மாவின் மக்கள். இரண்டு வருடம் கழித்து பிச்சைமணிக்குக் கர்ணன் பிறந்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில்தான் சோறு பிசைவார்கள்.

ஆதித்தனுக்கு இப்போது, 2010-இல், முப்பது வயது. கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்கிறான். காலையில் வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கீபோர்டையும் தேய்ப்பான். பரீட்சை முடிவு பார்க்க வருகிற பிள்ளைகளிடம் நம்பரை வாங்கி, முதலில் தான் மட்டும் பார்ப்பான். தேறவில்லை என்றால் சொல்வதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பான். அவன் செம்பைத் தொட்டாலே அழுகிற பிள்ளைகள் உண்டு. யார் சண்டையிலும் தீர்ப்புச் சொல்ல மாட்டான். "அவுகளையும் கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்பான்.

அந்தப் பழக்கம் ஒரு பெட்டியால் வந்தது. 2006 மாசியில் குலசாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். முன்னால் சீனிச்சாமி, பின்னால் பிச்சைமணி. வாய்க்காலில் இரண்டாம் போகத் தண்ணீர் ஓடியது. அதன்மேல் தென்னந்தடிப் பாலம். நடுப்பாலத்தில் பெட்டி விழுந்தது. சாமியின் வெண்கலச் சிலம்பைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. தம்பி கையை விட்டான் என்றான் அண்ணன். அண்ணன் வெடுக்கென்று இழுத்தான் என்றான் தம்பி. இருவரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் தலையில் பானையோடு பின்னால் வந்தவள். எனக்குக் கேட்டது பெட்டி விழுந்த சத்தம் மட்டும்.

மறுவாரமே சீனிச்சாமி மகனைக் கோயிலுக்கு இழுத்துப்போனான். ஆதித்தனின் மூன்று வயது மகள் திரிஷாவின் தலைமேல் அவனுடைய ஒரு கையை வைத்து, மறு கையால் சூடத்தை அணைக்கச் சொன்னான். அந்த வீட்டாரோடு ஒரு சொல் பேசமாட்டேன் என்று சத்தியம். பிச்சைமணி வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே எந்த இடம் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. என்னையும் அண்ணன் பக்கத்தாளாகவே எண்ணிக்கொண்டான்.

அதற்கு முன்பெல்லாம் ஆதித்தனும் கர்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அதில் மலைநாட்டார், ஆற்றுநாட்டார் என்று இரண்டு கூட்டம். எந்த ஊரிலிருந்தும் யாரும் வந்து ஏதாவது ஒரு கூட்டத்தில் சேரலாம். இவர்கள் இருவரும் மலைநாட்டார். கர்ணன் போனபின் ஒருநாள் அந்த விளையாட்டில் இருக்கிற பாலத்தில் ஆற்றுநாட்டு ஆள் ஒருவன் நின்று கையசைத்தான். தலைக்குமேல் எழுதியிருந்த பெயர் செவலை. எங்கள் தாத்தாவின் உழவு மாடு அது. வேறு எவன் அந்தப் பெயரை வைப்பான்?

"அந்தப் பக்கத்து ஆளு என்ன எழுதினாலும் நமக்குக் கிறுக்கலாத்தான் தெரியும் அத்தை. வெளையாட்டோட சட்டம் அது. அதுக்குத்தான் கர்ணன் கூட்டம் மாறியிருக்கான். என் சத்தியத்துக்குப் பங்கம் வராதுல்ல" என்றான் ஆதித்தன்.

செவலை தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வருவான்; கர்ணனுக்கு அது ஓய்வு நேரமாக இருக்கும். இவன் ஒரு பொத்தானை அழுத்துவான், இவன் ஆள் கையசைப்பான். அவனும் அசைப்பான். நாலு வருடம் அண்ணன் தம்பி உறவு அவ்வளவுதான்.

பாலத்துக்கு ஒரு கதை இருந்தது. ஆற்றுநாட்டார் பாலத்தின் கயிற்றை அறுத்து மலைநாட்டு ராசாவைக் கொன்றார்கள் என்று மலைநாட்டுப் பெரியவர் சொல்வாராம். ஆதித்தன் கதை கேட்பதற்கென்றே வேறொரு பெயரில் ஆற்றுநாட்டிலும் சேர்ந்தான். அங்கே உள்ள பெரியவர், மலைநாட்டார்தான் முதலில் தீ வைத்தார்கள் என்று அழுதாராம். எது நிசம் என்று அந்த விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். 'அவரவர் கதை அவரவர்க்கு உண்மை' என்று பதில் வந்தது. அதைத் தாளில் எடுத்து என்னிடம் கொண்டுவந்தான்.

"ரெண்டையும் ஒருத்தனே எழுதியிருக்கான் அத்தை. அவனுக்குமா தெரியாது?"

பெட்டி விழுந்த சத்தத்தை மட்டும் கேட்டவள்தானே நான்.

இந்த வருடம் தை மாதம் அந்த விளையாட்டை மூடப்போவதாக அறிவித்தார்கள். மூடுவதற்கு முன் உண்மைக் கதை வரும் என்று இவன் காத்திருந்தான். அது வரவில்லை. கடைசி ஒரு மணி நேரம் இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் திறந்துவிட்டார்கள். அந்த வாரம் திரிஷாவுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் வேப்பிலை செருகிவிட்டு, இதற்கென்றே கடைக்கு வந்திருந்தான். முதியோர் பணத்துக்கு மனு அடிக்கப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செவலை வந்து நின்றான். எழுத்து ஓடியது. ஆதித்தன் எனக்கு வாசித்துக் காட்டினான். "அண்ணே. நான் கர்ணன். அப்பா படுத்துட்டாக. பெரியப்பாவப் பாக்கணுமுங்கிறாக. மாசிக்குக் கூட்டியாரவா? நீ வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஆதித்தன் விரல்கள் கீபோர்டுக்கு மேலே நின்றன.

"ஏலே, பதில் போடு!"

"பிள்ள தலையில கை வச்சுச் சொல்லியிருக்கேன் அத்தை. அது அங்கன கொப்புளத்தோட கெடக்கு."

"வாயாலயா பேசுற? எழுத்துத்தான?"

"எழுத்தும் பேச்சுத்தான."

"நான் சொன்னேன்னு போடு. நான் ஒரு சத்தியமும் பண்ணல."

"விரலு என்னோடதுதான அத்தை."

நானே போடலாமென்றால் அந்தக் கீபோர்டில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "அண்ணே, இருக்கியா?" என்று மறுபடி வந்தது. ஆதித்தன் அந்தப் பொத்தானை அழுத்தினான். அவன் ஆள் கையசைத்தான். "அண்ணே" என்று இன்னொரு தரம் வந்தது. அதையும் வாசித்தான். மறுபடி அழுத்தினான். பாலம் மறைந்து திரை கறுப்பானது.

மாசிக்கு அவர்கள் வரவில்லை. திரிஷாவுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. பிச்சைமணி இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாரும் வரவில்லை. சீனிச்சாமி ஒருநாளும் கேட்கவில்லை.

ஆதித்தன் கம்பத்தில் அதே கடையில்தான் இருக்கிறான். மணி மூன்றானால், யாருக்காவது மனு அடித்துக்கொண்டிருக்கும்போதே விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. மனுவின் நடுவில் ஓர் எழுத்து விழுகிறது. அதை அழித்துவிட்டு மேற்கொண்டு அடிக்கிறான்.