நானும் சாப்பிட்டேன்

உன்சில் அக்கா ஒரு பொய்க்காரி. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பதினோரு வருடம் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு தெருவையே சாப்பிட வைத்தவள் அவள்.

எங்கள் ஊர் காங்வோன் மலையில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களை மூடியதும் பிழைக்கத் தெரிந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது தனியாக வாழும் கிழவர்கள், கிழவிகள், அவர்களைக் கவனிக்க ஒரு முதியோர் மையம். பாங் உன்சில் அந்த மையத்துக்காக வீடு வீடாகப் போகிறவள். நான் அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள். கால் வலிக்காத வேலை, அதனால் எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் இங்கே யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். மூன்று நாள் பட்டினி கிடந்தவனும் "ஆச்சு, நீ?" என்பான். அதுதான் மரியாதை. அதனால் அக்கா பதிலைக் காதிலேயே வாங்கமாட்டாள். நேரே போய் ரைஸ் குக்கர் மூடியைத் திறப்பாள். உள்ளே சோறு இல்லையென்றால் பொய் ஆரம்பமாகும்.

மா தொக்சு என்ற கிழவர் வீட்டில் ஒருமுறை நானே கூட இருந்து பார்த்தேன். எண்பத்தொரு வயது, நெஞ்சு முழுக்கக் கரித்தூள், பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. நீ சாப்பிட்டியா?"

"எங்க! காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. கண்ணு இருட்டுது."

"அடி பைத்தியக்காரி! உங்க ஆபீசுல சோறு போடமாட்டானுங்களா? அங்க உக்காரு முதல்ல!"

தனக்காக எழுந்திருக்காத மனுஷன் அவளுக்காக எழுந்து இளைக்க இளைக்க அரிசி களைந்தார். விருந்தாளிக்கென்று குக்கர் நிறைய வைத்த சோறு, அவள் அடுத்த தடவை வரும்வரை அவருக்குக் காணும். வாரம் இரண்டு முறை போவாள். அன்றைக்கெல்லாம் அக்காவுக்கு நாலு மத்தியானச் சாப்பாடு. அவள் இடுப்பைப் பார்த்து நாங்கள் சிரித்தால், "அரசாங்கத்துக்காகக் குண்டானவடி நான்" என்பாள்.

போன வசந்தத்தில் பேசும் இயந்திரம் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு எல்லா வீட்டுக்கும் தானே போன் செய்யும். இளம்பெண் குரல். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, எங்காவது வலிக்கிறதா என்று மூன்று கேள்வி. நல்ல பதில் வந்தால் என் திரையில் அந்தப் பெயர் பச்சையாகும்.

முதல் மாதம் அது படுதோல்வி. பெரியவர்கள் மரியாதைக்குத் திருப்பி "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க, "நான் இயந்திரம், எனக்கு உணவு தேவையில்லை" என்றது அது. முகத்தில் அடித்த மாதிரி இருந்ததோ என்னவோ, படக்கென்று வைத்துவிட்டார்கள். செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் எங்களிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

"வளர்ப்பு சரியில்ல" என்றாள் அக்கா. "'நானும் சாப்பிட்டேன்'னு சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். கம்பெனிப் பையன் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். அடுத்த வாரமே ஒவ்வொருவரும் அதனிடம் பத்து நிமிஷம் பேச ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு எங்கள் மையத் தலைவர் குவோன் ஒரு பெட்டி உலர்ந்த கடற்பாசி பரிசு கொடுத்தார்.

இலையுதிர் காலத்தில் புது உத்தரவு வந்தது. தொடர்ந்து பச்சையாக இருப்பவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும்.

"பச்சையின்னா ஆச்சா தலைவரே? நான் போய் மூடியத் தெறந்து பாக்கவேணாமா?"

"உன்சில் அம்மா, அவரே வாயால சொல்றாரு சாப்பிட்டேன்னு. பெரியவர் பொய் சொல்றாருன்னு சொல்றீங்களா?"

 மரியாதையைப் போய் பொய் என்று அக்கா எப்படிச் சொல்வாள்?

நவம்பரில் அவள் மா தொக்சு வீட்டுக் கதவைத் திறந்தபோது குளிர்காலத்தில் அடியிலிருந்து சூடேற்றும் தரையில் சூடே இல்லை. குக்கரின் அடியில் காய்ந்துபோன பருக்கைகள் மேல் பூசணம். கிழவர் போர்வைக்குள் ஒரு பிடியாகக் கிடந்தார். அவள் வராத நாட்களில், ஒரு ஆளுக்கு எதற்கு உலை என்று நூடுல்ஸ் பொட்டலம், அப்புறம் பாதிப் பொட்டலம், அப்புறம் அதுவும் இல்லை. அவளைப் பார்த்ததும், "ஆச்சு. நீ சாப்பிட்டியா?" என்றார். அன்றைக்கு அவளுக்குப் பொய் வரவில்லையாம். உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா கட்டிலருகே இருந்தாள். பத்து மணிக்குத் தலையணைக்கடியில் போன் அடித்தது. எடுக்கவேண்டாம் என்று அவள் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா." கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. "நீ சாப்பிட்டியா?"

"நானும் சாப்பிட்டேன்."

"நல்லது" என்று சொல்லி வைத்தார். இங்கே என் திரையில் அவர் பெயர் பச்சையானது. 

"ஏன் ஐயா அதுகிட்ட உண்மையச் சொல்லல?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

"உங்கிட்ட சொன்னா நீ வருவ, சோறு போடுன்னு சண்ட போடுவ. போன்ல பேசுற பொண்ணு எங்க இருக்காளோ, பாவம். சொன்னா அவளுக்கு மனசு கஷ்டந்தான் மிச்சம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். நுரையீரல் என்று எழுதினார்கள். அது பொய்யில்லை, ஆனால் எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை என்பதை அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை.

சடங்கு முடிந்து வந்ததும் அக்கா குவோன் மேஜை முன்னால் போய் நின்றாள். "அந்த வரியச் சொன்னது நான். எடுத்துடுங்க."

"எடுத்தா பழையபடி போன வச்சிடுவாங்கம்மா."

"அப்ப 'நான் இன்னும் சாப்பிடல'ன்னு சொல்லச் சொல்லுங்க."

"அய்யோ! அப்புறம் எண்பது பேரும் அந்தப் பொண்ணுக்குச் சோறு கட்டிக்கிட்டு இங்க வந்து நிப்பாங்க!"

"நிக்கட்டுமே!" அக்கா கத்தினாள். மையமே திரும்பிப் பார்த்தது. "வந்து நின்னா, வீட்ல ஒல வச்சிருக்காங்கன்னு அர்த்தம்!"

குவோன் கெட்டவர் இல்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே கேட்டார்களோ இல்லையோ, வரி மாறவில்லை. அக்கா இப்போது விடுமுறை நாட்களிலும் போகிறாள், ஆனால் எண்பது வீட்டில் ஒருத்திக்கு எத்தனை வீட்டில்தான் பசிக்கும்?

இன்று செவ்வாய். மணி பத்தரை. என் திரை முழுக்கப் பச்சை. எனக்குப் பயமாக இருக்கிறது.