வெள்ளச்சியைக் காத்த பால்காரி

காஜா பேராங்கில் பால் கறந்து விற்ற சிவகாமசுந்தரியை வாழ்நாளில் அடித்தவர்கள் மூன்றே பேர்: ஒரு ஜப்பான் சிப்பாய், சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷன், ஒரு பசு. மூவரையும் அவள் திருப்பி அடித்தாள். பசுவின் கொம்பு அன்றைக்கு வளைந்ததுதான், கடைசிவரை நேராகவில்லை.

தனிக்கட்டையான அவளுக்குத் துணை வெள்ளச்சி என்ற பெட்டை நாய். முந்தைய வருஷம் அது குட்டி போட முடியாமல் இரண்டு நாள் கத்தியது. மாட்டாஸ்பத்திரி கருணாகரன்தான் செத்த குட்டிகளைத் துண்டுதுண்டாக வெளியே எடுத்தார்.

"இடுப்பு ரொம்பக் குறுகலுக்கா. இன்னொரு தடவ சினையானா நாய் பொழைக்காது."

ஐம்பத்தாறு பிப்ரவரியில் வெள்ளச்சி கொட்டகைத் தரையில் இரத்தம் சொட்டியது. சுந்தரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பசு பருவத்துக்கு வந்தால் முதலில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். காளையிடம் ஓட்டிப்போக ஒரு நாள்தான் அவகாசம். அது கடந்தபிறகுதான் சில பசுக்களுக்கு இரத்தம் தெரியும். ஆகவே இரத்தத்தைக் கண்டால் வேளை முடிந்தது என்பது மாடு வளர்ப்பவர் கணக்கு. ஆபத்து தாண்டிவிட்டது என்று நாயை அவிழ்த்துவிட்டாள். வந்த ஆண் நாய்களை வெள்ளச்சியே கடித்து விரட்டியதில் அவளுக்கு நம்பிக்கை இன்னும் கூடியது.

ஒன்பதாம் நாள் கன்றுக்கு ஊசி போட வந்த கருணாகரன், இரத்தம் வெளிறியிருந்ததையும், இடுப்பைத் தொட்டால் நாய் வாலை ஒதுக்கி நின்றதையும் பார்த்தார்.

"எத்தன நாளாச்சு?"

"ஒன்பது. அதான் முடிஞ்சிருச்சே."

"மாட்டுக் கணக்க நாய்க்குப் போட்டீங்களா? நாய்க்கு இரத்தம் முன்னாடி வரும்க்கா. இவ்வளவு நாளா அதுவே கிட்ட விடல. இனிமே அதுவே தேடிப் போகும். உள்ள வச்சுப் பூட்டுங்க. மொத்தம் மூணு வாரம், வீக்கம் நல்லா வடியிற வரைக்கும். வெளிக்குப் போகணும்னா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நீங்களே கூடப் போங்க. சொட்டின எடத்தயெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

வெள்ளச்சி கொட்டகையை ஒட்டிய தவிட்டு அறைக்குள் போனது.

மறுநாள் காலை பண்டார் ஹிலிர் திடலில் நாட்டின் சுதந்திரத் தேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரே கிளம்பியது. சுந்தரி மட்டும் போகவில்லை. ஆளில்லாத சந்துக்குள் நாய்கள் நுழைந்தன. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த செங் என்ற ஊரிலிருந்து நீந்தி வந்தவையும் அவற்றில் உண்டு. இருபத்திரண்டுக்குக் குறையாது. முதலில் ஒன்றையொன்று குதறின. ஒரு கறுப்பு நாய் கழுத்து கிழிந்து சாணிக்குழியில் விழுந்து செத்தது. கன்றுக்குட்டி உயரத்தில் இருந்த காதறுந்த செவலை ஒன்று, தவிட்டு அறைச் சுவரின் உளுத்த பலகையைப் பல்லால் பிய்த்து எறிந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளச்சி தலையை நீட்டியது.

சுந்தரி வலக்கையால் அதன் மூஞ்சியைப் பற்றித் தடுத்தாள். அவள் சோறு போட்டு வளர்த்த நாய் அவள் உள்ளங்கையில் பல்லை இறக்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கையை விடவில்லை. செவலை அவள் முதுகில் ஏறித் தோளைக் கிழித்தது. இடக்கையால் மாடு கட்டும் முளையைப் பிடுங்கித் திரும்பி ஓங்கி அடித்தாள். செவலையின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. மற்றவை நெருங்கின. பக்கத்து அடுப்பில் மாட்டுக்காகக் கொதித்த கழனித்தண்ணிப் பானையைக் காலால் உதைத்துவிட்டாள். வெந்த தோலோடு அவை ஊளையிட்டு ஓடின.

திடலிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுக் கமலவேணி, இரத்தச் சேற்றில் வெள்ளச்சிமேல் கவிழ்ந்து கிடந்தவளைப் பார்த்தாள். கொண்டுவந்த செய்தியைத்தான் முதலில் சொன்னாள்.

"அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சுதந்திரமாம்க்கா."

"எல்லாருக்கும் குடுக்கட்டும். இந்தச் சிறுக்கிக்கு மட்டும் இன்னும் பதினோரு நாளைக்குக் கிடையாது. அந்தப் பலகைய எடுத்து அடி."

ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள். கட்டுப் போட்டதும் திரும்பி வந்து தவிட்டு அறை வாசலிலேயே பாயைப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கருணாகரன் வெள்ளச்சியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லக்கா."

"நல்லாப் பாருங்க."

மூன்று முறை பார்க்கவைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மடங்காமல் போன இரண்டு விரல்களால் நாயின் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். கை வலிக்கிறது என்று அவள் சொன்னது அப்போதுதான்.