ஆலந்தலை முதல் திரேஸ்புரம் வரை வளர்ந்தவள்

ஆலந்தலையிலிருந்து திரேஸ்புரம் வரைக்கும் ஓடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "கிறுக்குப் பிடிச்சிட்டா உங்களுக்கு?" என்றேன். அந்த மாதங்களில் எனக்குக் கோபம் வாயில் மட்டும்தான் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கையில் முள் குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் அவருக்குச் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டும் வேலை. எங்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை, பெண், மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். வலி எடுத்தபோது நான் ஆலந்தலையில் அம்மா வீட்டில் இருந்தேன். நேரத்துக்கு வண்டி கிடைக்கவில்லை. கிடைத்த வண்டியும் வழியில் நின்றது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்து பெற்றெடுத்தபோது பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிறகு, பால் வற்றுவதற்காக என் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அத்தனை பூவும் கட்டிய பிறகும் எனக்கு வாசனை தெரியவில்லை.

அவருக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. காலையில் சோறு கட்டிக் கொடுப்பேன், சாயங்காலம் தூக்குச்சட்டியைக் கழுவி வைப்பேன். ஆனால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேர் வைத்திருந்தோம். அந்தப் பேரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியே கிழவனும் கிழவியும் ஆகிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அதற்காகக்கூட எனக்குப் பயம் வரவில்லை.

நாங்கள் குடியிருந்த திரேஸ்புரத்தில் சிஸ்டர்கள் ஒரு தாய் சேய் இல்லம் நடத்தினார்கள். பிள்ளை பெறப் போகிறவர்களும் பெற்றுவிட்டுத் திண்டாடுகிறவர்களும் அங்கே போவார்கள். என்னைப் போல வெறுங்கையோடு திரும்பியவர்களைத் தேடி அவர்களே வருவார்கள். ஒரு சிஸ்டர் வாரம் தவறாமல் வந்து, என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். கடற்கரை ஊர்களிலிருந்து வலி எடுத்தவர்களைக் கூட்டிவர இல்லத்துக்கு ஒரு வேன் வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளிநாட்டில் ஆட்கள் மாரத்தான் ஓடி தர்ம காரியத்துக்குத் துட்டுத் திரட்டுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். துறைமுகத்து விளையாட்டுப் போட்டிகளில் ஓடிப் பரிசு வாங்கிய ஆள்தான். எந்த ரோட்டில் ஓடுவது என்று சிஸ்டர் கேட்டார். நான் வலியோடு வண்டியில் வந்த ரோட்டை இவர் சொன்னார்.

விடிந்தும் விடியாமல் ஆலந்தலைக் கோயில் முன்னாலிருந்து கிளம்பினார். கேன்வாஸ் ஷூ, அரைக்கால் சட்டை. பங்குச் சாமியாருடைய பழைய வேனில் சிஸ்டரும் நானும் தகர உண்டியலோடு பின்னால் போனோம். அவர் ஓட வேண்டியது, நாங்கள் ஊருக்கு ஊர் நின்று வசூல் பண்ண வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

திருச்செந்தூரில் உண்டியலில் காலணா விழவில்லை. "ஏலே, யாரு உன்னைத் தொரத்துதா?" என்று கடைத்தெருவே சிரித்தது. சிஸ்டர் இறங்கி மாரத்தானை விளக்கினார். பூ விற்கிற பொம்பிளை ஒருத்தி இடுப்பில் கைவைத்து முழுசாகக் கேட்டாள். "ஓடுததுக்கு எதுக்குத் துட்டு? நானுந்தான் விடிஞ்சா அடைஞ்சா ஓடுதேன், எனக்கு எவன் தாரான்?" என்றாள். சிஸ்டர் உண்டியலை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். எனக்கு அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

வீரபாண்டியன்பட்டணத்தில் நிலைமை மாறியது. எங்கள் கடற்கரையில் ஒருவன் வெயிலில் இத்தனை தூரம் உடம்பை வருத்திக்கொண்டு போனால் அது நேர்ச்சை, பெரும்பாலும் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஒரு அம்மா குடத்தோடு ஓடிவந்து அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

"நேர்ச்சையா அண்ணாச்சி? என்ன பிள்ளை?"

வேன் பின்னாலேயே நின்றது. எனக்கு நன்றாகக் கேட்டது.

"பொட்டப்பிள்ளை" என்றார் அவர்.

"சொகமா இருக்காளா?"

"இருக்கா."

சொல்லிவிட்டு ஓடிவிட்டார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டாள். அவளைப் பார்த்து நாலைந்து பேர் போட்டார்கள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் உண்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயல்பட்டினத்தில் தொப்பி போட்ட ஒரு கடைக்கார அண்ணாச்சி எங்களுக்காகவே வாசலில் காத்திருந்தார். முன்னால் போனவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தாராம். "பிள்ளை கவுந்து விழ ஆரம்பிச்சிட்டாளாமே, உம்ம வீட்டுக்காரரு சொன்னாரு. அல்லா நல்ல சொகமும் ஆயுசும் குடுப்பான்" என்று நோட்டாகவே போட்டார். ஆறுமுகநேரி டீக்கடையில் அவளுக்குப் பல் முளைத்திருந்தது. ஆத்தூர்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழக் கூடை சுமந்து வந்த ஒரு பெரியம்மா வேன் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "நடக்காளாம்லா! இந்தா, இதை அவளுக்குக் குடு" என்று ஒரு சீப்புப் பழத்தை என் மடியில் வைத்தாள். அடப்பாவி மனுசா என்று பல்லைக் கடித்தேன். பழத்தை வெளியே வீசிவிடலாம் என்று கையில் எடுத்தேன். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"இது பொய் இல்லியா சிஸ்டர்? பாவம் இல்லியா?" என்றேன்.

"இன்னைக்கு ஒருநாள் விடும்மா" என்றார் அவர்.

நான் விடுகிற ஆளா? பழையகாயல் தாண்டியதும் என் வீட்டுக்காரர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உப்பளக் கரையில் உட்கார்ந்துவிட்டார். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன். சுற்றிலும் உப்புக் குவியல், கண்ணைத் திறக்க முடியாத வெயில். ஷூவைக் கழற்றியிருந்தார். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வாய் கூசலியா உங்களுக்கு? மண்ணுக்குள்ள கிடக்குத பிள்ளைக்குப் பல்லு மொளைக்குதா? நடக்குதா?"

அவள் செத்த பிறகு அவளைப் பற்றி எங்கள் இருவருக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நானா போய்ச் சொல்லலைளா. அவங்க கேக்காங்க" என்றார். "வேற யாரு கேக்கா?"

 அவர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நொண்டி நொண்டி ஓடினார். நான் வேனில் ஏறினேன். முள்ளக்காட்டில் உப்பு சுமக்கிற பொம்பிளைகள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். "மகளை ஒண்ணாப்புல சேத்துட்டியளாமே? நல்லாப் படிக்காளா?" என்று ஒருத்தி கேட்டாள். "படிக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் வாய் என்று தெரிந்தது.

மத்தியானம் தாண்டித் திரேஸ்புரத்துக்குள் நுழைந்தோம். கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பியிருந்ததால் தெருவெல்லாம் ஆள். பேண்ட் செட் வாசித்தது. இல்லத்து வாசலில் அவருக்கு மாலை போட்டார்கள், தோளைத் தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் உண்டியலில் போட்டார்கள். சேர்ந்ததை வைத்துப் புது வேன் வாங்க முடியவில்லை. பின்னால் ஒரு பழைய ஜீப் வந்தது, அது நெடுநாள் ஓடியது.

ஆனால் அங்கே யாரும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் அவளுடைய அடக்கத்துக்கு வந்தவர்கள். சின்னப் பெட்டியைத் தூக்கியவர்கூட அந்தக் கூட்டத்தில் நின்றார். அவர்களுக்கு எங்கள் மேல் இரக்கம், அதனால்தான் வாயை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சோடாவை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. மறுபடியும் முகங்களைப் பார்த்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழத்தோடு வேனிலிருந்து இறங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க, நம்ம பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

வழியெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்த மனுசன்.  சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"மூணு நாளு" என்றார். "மூணே நாளுதாம்ளா இருந்தா."

அவளுடைய பேரைச் சொல்லி, ஆமா என்றேன். நடுத்தெருவில், அத்தனை ஆள் பார்க்க, எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.