முனியாண்டியிடம் அனுமதி கேட்ட பல்கலைக்கழகம்

போன சனிக்கிழமை எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சிங்களமும் தமிழும் தெரிந்ததால் வந்த வினை. ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மறுபக்கம் முனியாண்டி!

அலுவிகாரைக்கு அப்பால் ஒரு மிளகுத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியபோது பழைய செங்கல் வரிசையொன்று தெரிந்தது. தொல்லியல் விரிவுரையாளர் நிரோஷா மிஸ் மாணவர்களோடு வந்து பார்த்தார். அந்த வரிசை நேரே போய் நுழைந்தது எங்கே? முனியாண்டி கோயில் பீடத்துக்கு அடியில்!

லயமே வெளியில் வந்து நின்றது. யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்குத் தோண்டுவாங்க. நாளைக்கு தொல்பொருள் எடம்னு போர்டு நடுவாங்க. அப்புறம் நாங்க வெளக்கு வைக்க யாருகிட்ட போய் நிக்கிறது?" என்றார் கோயில் கமிட்டித் தலைவி பாக்கியம் அக்கா.

சிங்களத்தில் சொன்னேன். நீங்கள் சம்மதித்தால்தான் தோண்டுவோம் என்றார் மிஸ்.

"சரி, சாமிகிட்டயே பூ கேப்போம்," என்றார் அக்கா.

தெரியாதவர்களுக்கு... வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவே இரண்டையும் கட்டிப் போட்டார்.

ஒரு மாணவர் முணுமுணுத்தார். மிஸ் ஒரு பார்வை பார்த்தார், அவர் அடங்கிவிட்டார். மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே போய் எடுத்தார். மழைக்கு முன்னால் தோண்டாவிட்டால் அந்தச் செங்கல் சுவர் கான் தண்ணீரோடு போய்விடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

சிவப்பு.

"ஹரி, அபி யமு" — சரி, போவோம். அவ்வளவுதான் சொன்னார். வாதாடவில்லை. பொலிஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. மாணவர்கள் தார்ப்பாயைச் சுருட்டினார்கள். வேன் ஸ்டார்ட் ஆனது.

அக்கா ஓடிவந்து குறுக்கே நின்றார். "போகாதீங்க மிஸ்! ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதாங்க கட்டுனேன்!"

இதை எப்படி மொழிபெயர்ப்பது? அப்படியே மொழிபெயர்த்தேன்.

மிஸ் இறங்கினார். கோபப்படுவார் என்று பார்த்தால்... "மேலிடம் போர்டு நடாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பீடத்தைத் தொட மாட்டோம், பக்கத்தில்தான் தோண்டுவோம். நீங்களும் எங்களோடு குழியில் நில்லுங்கள். அறிக்கையில் செங்கல்லைப் பற்றி எழுதும்போது உங்கள் கோயிலைப் பற்றியும் எழுதுவேன்."

பொய் சொல்லாத ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கமிட்டி ஓரமாய்ப் போய்ப் பேசியது. அக்கா மறுபடி பூக் கட்டினார். மறுபடி மிஸ்தான் எடுத்தார்.

வெள்ளை!

குழியில் முதலில் இறங்கியதே லயத்து ஆட்கள்தான்.

நான் சும்மா இருப்பேனா? பீடத்தில் கிடந்த மற்றப் பொட்டலத்தை மெல்லப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

நிமிர்ந்தால், எதிரே அக்கா. "சார்... இத மட்டும் சிங்களத்துல சொல்லிறாதீங்க!"