ஏரிக்கரையில் வெடிக்காத சரவெடி

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் சேகருடன் பறவை பார்க்கப் போயிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் ஏரி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் கரையில் வரிசையாகக் கார் நிற்கும்... அதில் பாதியில் பாட்டு அலறும்!

மார்கழிப் பனி விலக விலக, ஏரி முழுக்கப் பறவைகள். ஊசிவால் வாத்து, நாமக்கோழி, அரிவாள்மூக்கன். சேகர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். "எல்லாம் மந்தமா உக்காந்திருக்குங்க. பறந்தாத்தானே போட்டோ?" என்று அலுத்துக்கொண்டார். எங்கிருந்தோ கடல் தாண்டிப் பறந்து வந்தவை. கொஞ்சம் உட்காரக் கூடாதா?

டீ குடிக்கத் தெருமுனைக் கடைக்கு வந்தோம். அப்போது ஒரு சவ ஊர்வலம். முன்னால் கொட்டு, பின்னால் பூப்பாடை, நடுவில் கொள்ளிச்சட்டியுடன் மகன். சிங்கப்பூரிலிருந்து முதல் நாள்தான் வந்தாராம். பக்கத்தில் ஒருவர் கையில் சரவெடிக் கட்டு.

எங்கள் டெல்டாவில் வயதாகி நிறைவாகப் போன கல்யாணச் சாவு என்றால் வெடி இல்லாமல் பாடை நகராது. ஆனால் சுடுகாட்டுக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போக வேண்டும். பறவைகள் இருக்கும் மாதங்களில் இந்த ஊரில் யாரும் வெடிப்பதில்லை — தீபாவளிக்கும்கூட! ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மறித்தார்கள்.

"தம்பி, ஊர் வழக்கம் தெரியும்ல?"

"தெரியுங்க. அப்பா உசுரோட இருந்தப்ப நான் கூட இருந்து பாக்கல. போறப்பவாச்சும் கௌரவமா அனுப்புறேன். அனாதை மாதிரியா கொண்டுபோறது?"

மறித்தவர்கள் தயங்கி ஓரமாக ஒதுங்கினார்கள். சேகரோ என் காதில், "வெடிச்சா மொத்தமா எழும்புங்க... செம ஷாட்" என்றார். லென்ஸைத் திருகவும் ஆரம்பித்துவிட்டார். அடப்பாவி மனுஷா!

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று வந்தார். இறந்தவரின் மகள்.

"அண்ணே, என் கல்யாணத்துக்கு மாப்ள வீட்டுல வெடி வாங்கிட்டு வந்தாங்க. ஏரிப் பறவையெல்லாம் மெரண்டு எழும்பிரும், ஒத்த வெடி வைக்கக் கூடாதுன்னு சம்பந்திகிட்ட மல்லுக்கு நின்னாரு இந்த மனுஷன். மாமியா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுது. எனக்கு வெடிக்காத வெடிய அவருக்கு மட்டும் வெடிச்சா விட்டுருவேனா?"

அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் கூட்டத்தில் ஓரிருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வெடிக் கட்டை டீக்கடை பெஞ்சில் வைக்கச் சொன்னார். கொட்டுக்காரர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

பறவை பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள ஒரு பைனாகுலர் போதும். உண்மையிலேயே பிடித்துவிட்டால் சம்பந்தி வீட்டுப் பகையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

சாவுக்குக் கொஞ்ச தூரமாவது கூடப் போக வேண்டும் என்று ஊர்வலத்தின் வாலில் நானும் சேர்ந்துகொண்டேன். சேகரும் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தார். கரை நெடுகக் காலடிச் சத்தம் மட்டும்தான். பாதி வழியில் மகன் நின்று ஏரியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாத்துகூட அசையவில்லை.

"அப்பா... ஒண்ணுகூட எழும்பலப்பா" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது.