மிதக்கக் கற்றுக்கொடுத்தவன்

எங்கள் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். எந்நேரமும் அது கழுத்தில் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியிடமே ஒரு தடவை கேட்டேன். "சந்தேகம்தான் அக்கா" என்றாள். நான் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய உயரமான நாற்காலி. அதனால் இந்தக் கோடை முழுக்க அவர் வயிறு எரிந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பார்க்காத மிச்சத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரே கொட்டித் தீர்த்தார்.

எரிச்சலுக்குக் காரணம் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. பழைய வேலையை விட்டுவிட்டு, புது வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்க வந்தவன். வந்தவன் நாள் முழுக்க சோபாவில் கிடந்திருந்தால் விசில் அவனைச் சந்தோஷமாகத் திட்டிக்கொண்டு இருந்திருப்பார். அவன் அப்படிக் கிடக்கவில்லை. அக்காவின் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான்.

ஊரே லீவு போடுகிற கோடையில் குளத்தில் வேலை பார்ப்பவனுக்கு மட்டும் லீவு கிடையாது. அடுத்தவர் பிள்ளைகள் கும்மாளம் போடுவதை வெயிலில் காய்ந்தபடி காவல் காக்க வேண்டும். வீட்டிலோ கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம். அது ராத்திரி பகல் பார்க்காமல் சிணுங்கியது. பெரியவளை யாராவது வெளியே தள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்த தாய்க்குத் தம்பி தெய்வமாகத் தெரிந்தான். அதனால் மிருகக்காட்சிசாலை மாமாவோடு. ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்ச் சும்மா திரும்பி வருவது மாமாவோடு. ஐஸ்கிரீமைச் சட்டையில் ஒழுகவிடுவதும் மாமாவோடுதான். சாயங்காலம் அலுத்துப்போய் வந்து ஷூவைக் கழற்றுகிற அப்பாவிடம் அந்த வாலு மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்.

"மாமா ஒட்டகச்சிவிங்கி மாதிரி நடந்தாருப்பா! எல்லாரும் எங்களையே பாத்தாங்க!"

"ஏன், நான் நடந்தா யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று மறுநாள் என்னிடம் நியாயம் கேட்டார் விசில்.

"நீங்க நடந்தா பயந்துபோய் எல்லாரும் தண்ணியவிட்டு ஏறிடுவாங்க தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார்.

திங்கட்கிழமை குளத்தைக் கழுவுவதற்காக மூடுவோம். அந்த ஒரு நாளில் மச்சானை ஒரேயடியாக ஓரங்கட்டிவிடலாம் என்று மனைவி மக்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். போன இடத்திலும் மனுஷர் வேலை பார்த்திருக்கிறார். மகள் மணலில் ஓடினால் "ஓடாத, வழுக்கும்!" என்று கத்தினாராம். மணல் எங்கே வழுக்குகிறது? அவளைக் கணுக்கால் தண்ணீருக்கு மேல் இறங்கவிடவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள் அலையில் நிற்பதையே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவி, "உங்களுக்கு லீவு குடுத்தாலும் நீங்க எடுத்துக்க மாட்டீங்க" என்று சொல்லிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் கேட்டாள், "அடுத்த தடவ மாமாவையும் கூட்டிட்டு வரலாமா?" என்று. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குத் தெம்பு இருந்தது. நீச்சல். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அவர் கையில் நீச்சல் படித்தவர்கள். "என் பொண்ணுக்கு நான்தான் சொல்லித் தருவேன், வேற யாரும் தொடக்கூடாது" என்று என்னிடம், மேலாளரிடம், தண்ணீருக்கு மருந்து போட வருகிறவரிடம் என்று ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்திருந்தார். போன கோடையிலும் முயன்றார், அதற்கு முந்தின கோடையிலும் முயன்றார். மகள் தண்ணீரில் இறங்கியதும் அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள், விடமாட்டாள். "பயந்த சுபாவம், நேரம் வரும்" என்று காத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் மச்சான் என் ஜன்னலில் வந்து நின்றான். பெரியவருக்கு ஒரு டிக்கெட், சின்னவருக்கு ஒரு டிக்கெட். பக்கத்தில் அந்த வாலு, புதுத் தொப்பி போட்டுக்கொண்டு.

"உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்றேன்.

"முங்காம இருக்கத் தெரியும் அக்கா. அது போதாதா?"

ஆழம் இல்லாத பக்கத்தில் அவன் தன் இரண்டு உள்ளங்கைகளை விரித்து அவளை மேலே படுக்கவைத்தான். அவள் படுத்தாள்! கழுத்தைக் கட்டவில்லை, அழவில்லை. காதில் தண்ணீர் போகிறது என்று கிக்கிக்கென்று சிரித்தாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. அன்றைக்கு அந்தத் தலை கோளாறாகிப்போன மேஜை விசிறி மாதிரி ஒரே பக்கத்தில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் தினமும் வந்தார்கள். விசில் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்று தெரிந்துவிடுமே! அதற்குப் பதிலாக வேலையைக் காட்டினார். மச்சான் படியில் உட்கார்ந்தால் விசில். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தால் விசில். தண்ணீரைக் கொஞ்சம் தெறிக்கவிட்டால் நீளமாக ஒரு விசில். அவன் ஒவ்வொரு தடவையும் "சரிங்க அத்தான்" என்று பல்லைக் காட்டினான். அது இவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. விஷயம் மனைவியின் காதுக்கும் போய்விட்டது. "என் தம்பிய எதுக்கு ஊர் முன்னாடி விசிலடிச்சு விரட்டறீங்க? அவன் என்ன ஆட்டுக்குட்டியா?" என்று ஒரு பிடி பிடித்தாளாம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் நல்ல கூட்டம். இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கத்துகிற பிள்ளையைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதற்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாத பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். அவர் மகளோ தண்ணீரில் இறங்கினால் வாயை மூடாதவள். அன்றைக்கு மச்சான் மெல்ல மெல்லத் தன் கைகளை அவளுக்கு அடியிலிருந்து உருவினான். ஒரு எட்டு பின்னால் வைத்தான். அவள் மல்லாந்து கிடந்தாள், கைகள் விரிந்து, கண்கள் மூடி, சத்தமே இல்லாமல். மச்சான் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

நீளமாக மூன்று விசில். எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். நான் திரும்புவதற்குள் நாற்காலி காலி. சட்டையோடு ஷூவோடு குதித்து, மகளின் தாடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். குளமே அலறிக்கொண்டு மேலே ஏறியது. நான் டிக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே ஆகவில்லை. இவர் இழுத்த இழுப்பில்தான் மூக்கில் தண்ணீர் ஏறி இருமியது. இருமி முடித்ததும் கத்தியது பாருங்கள்!

"நான் மிதந்துக்கிட்டு இருந்தேன்! தானா மிதந்தேன்! நீ கெடுத்துட்ட!"

விசில் மச்சான் பக்கம் திரும்பினார். "கைய ஏன்டா எடுத்த?"

"எடுத்தாத்தானே அத்தான் மிதக்க முடியும்?"

சுற்றி நின்ற பெற்றோர்கள், தங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். மேலாளர் வந்து, "மிதக்கறதுக்கும் முங்கறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். விசில் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

கூட்டம் கலைந்ததும் நான் கேட்டேன், "உண்மையச் சொல்லுங்க தம்பி. பயமா, பொறாமையா?"

"ரெண்டும்தான் அக்கா. எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு அம்மா ஊட்ட வேண்டும், கதை மாமா சொல்ல வேண்டும். அப்பா என்று ஒரு ஆள் வீட்டில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பொறுத்தவர், மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"குளம் திறக்கறதுக்கு முன்னாடி என்கூட வர்றியா? யாருமே இருக்க மாட்டாங்க. எனக்கு மிதந்து காட்டேன்."

"நீ தூக்கிடுவ. நீ எப்பவும் தூக்கிடற. மாமா தூக்க மாட்டாரு."

"தூக்க மாட்டேன்."

"கையக் கட்டிக்கணும்."

"கட்டிக்கறேன்."

நான் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தேன். இடுப்பளவு தண்ணீரில், வகுப்பில் தப்புச் செய்த பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார் மனுஷர். எத்தனையோ பிள்ளைகளை இழுத்துப்போட்ட கைகள் அவை, சும்மா இருக்கத் தெரியவில்லை. அவள் மெல்லச் சாய்ந்ததும் கட்டு அவிழ்ந்தது. அவளுக்குத் தெரிவதற்குள் கைகளை அக்குளில் செருகி இறுக்கிக்கொண்டார். அவள் மல்லாந்தாள். மிதந்தாள். தண்ணீர் அசையவே இல்லை. அந்தக் கோடையிலேயே முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என் ஜன்னலைக்கூடப் பார்த்தாள்.

"மாமா பாத்தாரா?"

'அடியே, உங்கப்பன் பாத்தான்டி!' என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். விசிலின் கை இன்னும் கட்டித்தான் இருந்தது.

"மாமா வீட்டுல தூங்கறாரும்மா" என்றார்.

"அப்ப இது சேத்தி இல்ல" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது.

அவளை மேலே ஏற்றி, துண்டைப் போர்த்தி, பெஞ்சில் உட்காரவைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட என் ஜன்னலுக்கு வந்து போனைக் கேட்டார். கொடுத்தேன்.

"டேய், எழுந்திரு... ஒண்ணும் ஆகல, பயப்படாத. அவ மிதக்கறா. நீ பாக்கணுமாம். உடனே கிளம்பி வா."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"அவன் வந்தா டிக்கெட் வாங்கச் சொல்லுங்க அக்கா. சொந்தக்காரன்னு சும்மா உள்ள விட்டுடாதீங்க."