அண்ணனின் இரண்டு தோடிகள்

என் அண்ணனுக்கு அறுபது வயது நிறைந்த ஆண்டில்தான் நான் லினக்ஸுக்கு மாறினேன். அவர் அறுபதுக்கும் என் லினக்ஸுக்கும் நடுவில் இப்படி ஒரு முடிச்சு விழும் என்று அப்போது தெரியாது.

என்னிடம் இருந்தது ஒரு சின்ன லேப்டாப். மகள் கல்லூரியில் வைத்திருந்து, சலித்துப்போய், என் தலையில் கட்டியது. மூடி வைத்தால் வாரப்பத்திரிகை அளவுதான் இருக்கும். காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு உலை வைத்தால், சோறு வடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். மேல ஏத்தியிருக்கிற சுமைதான் ஜாஸ்தி" என்று சொல்லி, இருந்த விண்டோஸை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் நான் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் அது விழித்துக்கொண்டது.

அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"காசு குடுக்காம கிடைக்குதா? அப்ப அதுல என்ன பெருசா இருக்கப்போவுது?" என்றார்.

அண்ணன் மதகு, வாய்க்கால் என்று வாழ்நாள் முழுக்க அரசு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்து நிலமெல்லாம் கைமாறிப் போய்விட்டது. மிராசுதார் தோரணை மட்டும் பட்டா மாறாமல் அவர் பெயரிலேயே இருந்தது. நிலத்துக்குப் பதிலாக அவர் சங்கீதம் சேர்த்தார். ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையச் சேர்த்தார். யாருக்கும் பிரதி கொடுக்க மாட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவரே போட்டுக் காட்டுவார். போட்டுக் காட்டுவது என்றால், பாட்டு அதுபாட்டுக்கு ஓடும், அண்ணன் அதற்கு மேல் பேசிக்கொண்டிருப்பார்.

அந்தச் சேகரிப்பிலேயே அவர் உயிராக வைத்திருந்தது இரண்டு நாயனத் தோடிகள். ஒன்று, ஒரு வித்வான் இளவயதில் திருவாரூர்ப் பக்கம் சாமி புறப்பாட்டில் வாசித்தது. மற்றது, அதே வித்வான் பல வருஷம் கழித்து மாயவரத்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்தது. அண்ணன் கணக்குப்படி, வித்தியாசமெல்லாம் நாயனத்தின் வாயில் செருகும் சீவாளியில் இருந்தது.

"மொதல்ல சீவாளி புதுசு, கடிக்கும். ரெண்டாவதுல சீவாளியும் பழுத்துருச்சு, மனுஷனும் பழுத்துட்டாரு. அந்த மந்தாரமான நாதம் காதுல விழுதா?"

விழுகிறது என்று எல்லோரும் தலையாட்டுவோம். ஆட்டாவிட்டால் முதலிலிருந்து போடுவார்.

அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் என்று முடிவானதும், மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடக் கூடாது என்று அண்ணன் உத்தரவிட்டார். அவருடைய கம்ப்யூட்டர் மேசையைவிட்டு நகராத ரகம். கையில் எடுத்துப்போகக் கூடியது என்னுடையதுதான். வேறு வழியில்லாமல், ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். லாக்கரிலிருந்து எடுத்த நகையைக்கூட அண்ணி அப்படிக் கொடுக்க மாட்டார்.

பாதி ஏற்றுவதற்குள் லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், 'தோடி பெஸ்ட்', 'தோடி பெஸ்ட் ஃபைனல்', 'தோடி அழிக்காதே' என்று வரிசையாகப் பெயர்கள். எங்கள் துறையில் ஒரே செடிக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்துவிட்டுப் போவது சகஜம், அதனால் எனக்குச் சந்தேகம் வந்தது. லினக்ஸில் தேடியபோது, பெயரைப் பார்க்காமல் ஓசையை ஒப்பிட்டு இரட்டைகளைப் பிடிக்கும் ஒரு மென்பொருள் கிடைத்தது. அதுவும் இலவசம்தான். அதை ஓடவிட்டு, கீரை ஆய உட்கார்ந்தேன்.

கீரை முடிவதற்குள், அண்ணன் சேர்த்ததில் பாதிக்கு மேல் இரட்டைப் பிள்ளைகள் என்று அது சொல்லிவிட்டது. கடைசியில் இரண்டு பெயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. திருவாரூர்த் தோடியும் மாயவரத்துத் தோடியும்.

மென்பொருள்தான் தப்பு என்று நினைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருவாரூரைக் கேட்டேன். ஆலாபனை மேலே ஏறும் ஒரு இடத்தில், கூட்டத்தில் ஒரு ஆள், "டேய், லைட்ட இந்தப் பக்கம் கொண்டாடா!" என்று கத்துகிறான். உடனே ஒரு நாய் குரைக்கிறது. பிறகு மாயவரத்தைப் போட்டேன். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் சற்று மங்கலாக இருந்தது. அதே ஏற்றம் வந்தது. அதே ஆள் அதே லைட்டைக் கேட்டான். அதே நாயும் குரைத்தது. யாரோ இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கி வைத்த பிரதி அது. இத்தனை வருஷமாக நாங்கள் தலையாட்டிய பழுத்த சீவாளி, தரம் குறைந்த ஒரு ஃபைல்.

சிரித்து முடித்ததும் இன்னொன்று உறைத்தது. அண்ணனின் குரல் இல்லாமல் அந்தத் தோடியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுபடியும் முழுக்கக் கேட்டேன். அப்படி ஒரு வாசிப்பு! கையில் கீரைத் தண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதைக் கேட்கவிடாமல் பண்ணியிருக்கிறாரே இந்த மனுஷன் என்று சுள்ளென்று கோபம் வந்தது.

இருந்தாலும் கூடப்பிறந்தவர். போன் பண்ணினேன்.

"அண்ணே, அந்த ரெண்டு தோடியும் ஒண்ணு மாதிரியே இருக்கேண்ணே."

"ஒனக்கு அப்படித்தான் இருக்கும். செடி பாக்குற வேலையை நீ பாரு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போடு, சம்பந்திக்கு வித்தியாசம் தெரியணும்."

சரி என்று வைத்துவிட்டேன்.

திருக்கடையூரில் கலச நீர் அபிஷேகம் முடிந்து, ஈரம் மாற்றி, மாலையும் கழுத்துமாக அண்ணன் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சம்பந்தி, அதாவது அவர் மகளின் மாமனார். பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பதில் தெரியாத மரியாதைக்காரர். நான் லேப்டாப்பை ஒலிபெருக்கியில் இணைத்து, முதல் தோடியைப் போட்டேன். அண்ணன் கடிக்கும் சீவாளியை விளக்கினார். சம்பந்தி ஆமாங்க என்றார். இரண்டாவதைப் போட்டேன்.

"இப்பக் கேளுங்க. இது வேற ஆளு. வயசு ஏற ஏற வர்ற நிதானம் இது."

"ஆமாங்க."

"டேய், லைட்ட இந்தப் பக்கம் கொண்டாடா!" என்றது ஒலிபெருக்கி. நாய் குரைத்தது. சம்பந்தியின் தலை பாதி ஆட்டத்தில் நின்றுவிட்டது.

என் அண்ணி கால்நடை மருத்துவர். ஊர் ஊராகப் போய் மாடும் ஆடும் நாயும் பார்த்தவர். பந்தி ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, இப்பத்தானே இது குரைச்சுது? அதே நாய்தான். தொண்டைல புண்ணு இருக்கு, கரகரன்னு வருது பாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னத்தப் போட்ட நீ?"

"நீங்க சொன்னதைத்தாண்ணே."

"அந்த ஓசி மெஷின் போட்டதையே திருப்பிப் போடுது. என் டிஸ்க்லேருந்து நேராப் போடு."

நேராகப் போட்டேன். நாய் மூன்றாவது முறையும் குரைத்தது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். சம்பந்திதான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு எடத்துக்கும் அந்த நாயி வந்திருக்குங்க. நல்ல ரசிகராட்டம் இருக்கு."

கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். உண்மையாகவே உதவப் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். அண்ணன் முகம் கழுத்து மாலையிலிருந்த ரோஜா நிறத்துக்கு வந்தது. ஊர் திரும்பும்வரை வேனில் சினிமாப் பாட்டு ஓடியது. அண்ணன் அதைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை.

மனம் உடைந்துபோயிருப்பார் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"அந்த லினக்ஸை எனக்கும் போட்டுக்குடு."

கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. அடுத்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் லினக்ஸ் உபந்நியாசம் ஆரம்பமானது. விண்டோஸ் வைத்திருப்பவர்களைச் சுரணை கெட்டவர்கள் என்றார். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் முறையை விளக்கி, தன் காதுக்கு எப்போதோ தோன்றிய சந்தேகத்தை மென்பொருள் பிற்பாடு உறுதி செய்ததாக எழுதினார். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். முதல் கைதட்டல் சம்பந்தியுடையது.

சில வாரம் கழித்து சம்பந்தி எனக்கு ரகசியமாகப் போன் செய்தார்.

"டீச்சரம்மா, உங்க அண்ணன் இங்க வந்தப்ப நம்ம கம்ப்யூட்டர்ல என்னமோ மாத்திவிட்டுட்டுப் போனாருங்க. தோப்புக் கணக்குப் பாக்குற சாஃப்ட்வேரைக் காணோம். அவர்கிட்டக் கேட்டா, காணாமப் போனதே நல்லதுங்கிறாரு."

பேருந்து பிடித்துப் பேராவூரணி போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்து, பக்கத்திலேயே கவலையாக உட்கார்ந்திருந்தார். நல்லவேளையாகப் பழைய விண்டோஸ் அழியவில்லை, அண்ணனுக்கு அழிக்கத் தெரிந்திருக்கவில்லை. திறந்ததும் பழையதே வருகிற மாதிரி செய்துவிட்டு, லினக்ஸை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயய்யோ, வேணாங்க" என்றார். "அது ஒரு ஓரமாக் கெடக்கட்டும். சம்பந்தி வந்தா அதைத் தொறந்து வெச்சிக்கிறேன்."